வேலை செய்கிற பொருளையும் திருப்பிக் கொடுக்கலாம்: கரண்டி வேறு, ரப்பெல் வேறு

வீட்டில் ஒரு மின்சாரச் சாமான் பழுதாகினால் எங்கட ஆக்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "கரண்டி இருக்கா?" பாரிசில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பிரெஞ்சுச் சொல் என்று விளங்கும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிற பிள்ளையோ, ஏன் அம்மம்மா ரீவிக்குக் கரண்டி கேட்கிறா என்று குசினிப் பக்கம் பார்க்கும்.

அந்தக் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. கரண்டி என்பது வேலை செய்யாத பொருளுக்கானது. வேலை செய்துகொண்டே இருக்கிற, ஆனால் வீட்டில் வைத்திருக்கக் கூடாத பொருள் என்று ஒன்று இருக்கிறது. அதற்கான வழி வேறு. அதன் பெயர் ரப்பெல், அதாவது விற்ற பொருளைக் கொம்பனி மீள அழைப்பது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த இரண்டாவதைத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் பெரும்பாலும் தெரியாமல் விடுவதும் இதைத்தான்.

கரண்டி: பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்

முதலில் தெரிந்த பக்கத்திலிருந்து தொடங்குவோம். பிரான்சில் இரண்டு விதமான கரண்டி இருக்கிறது. ஒன்று, கொம்பனி தானாகத் தருவது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ, அவர்கள் எழுதியபடி. மற்றது சட்டம் தருவது. அதை 'கரண்டி லெகால் து கொன்ஃபோர்மித்தே' என்பார்கள். இது கொம்பனியின் விருப்பத்தில் தங்கியதல்ல. வியாபாரி ஒருவரிடம் வாங்கிய எந்தப் புதுப் பொருளுக்கும் இரண்டு வருடம் உண்டு. இந்த இரண்டு வருடத்துக்குள் பழுது தெரியவந்தால், அது வாங்கிய நாளிலேயே இருந்த பழுது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றையும் நிரூபிக்கத் தேவையில்லை. இல்லை என்று சொல்வதானால் கடைதான் நிரூபிக்க வேண்டும். பாவித்த பொருளை, திருத்தி விற்கிற போன் உட்பட, கடையில் வாங்கினாலும் இரண்டு வருடம்தான். ஆனால் நிரூபிக்கத் தேவையில்லாத காலம் அதற்கு 12 மாதம்.

இதில் மூன்று விசயத்தை மனதில் வைத்திருந்தால் போதும். முதலாவது, கேட்க வேண்டிய ஆள் விற்றவர். "கொம்பனிக்கு எழுதுங்கோ" என்று அவர் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. இரண்டாவது, திருத்தித் தருவதோ மாற்றித் தருவதோ 30 நாளுக்குள் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் பொருளைக் கொடுத்துவிட்டு முழுக் காசையும் கேட்கலாம். மூன்றாவது, 2022 ஜனவரி 1 முதல், திருத்தப்பட்ட பொருளுக்குச் சட்டக் கரண்டி ஆறு மாதம் கூடும். நீங்கள் திருத்தச் சொல்லிக் கேட்டும் கடை திருத்தாமல் விட்டு, கடைசியில் மாற்றித்தான் தந்தது என்றால், புதிய பொருளுக்குக் கரண்டி மறுபடி முதலில் இருந்து ஓடத் தொடங்கும்.

எங்கட வீட்டிலேயே இது ஒருமுறை வந்தது. மகளுக்கு வாங்கிய டாப்லெற் 14ஆவது மாதத்தில் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. வாங்கிய பெரிய கடையில் இருந்த பொடியன் கணினியைப் பார்த்துவிட்டு, கொம்பனி கரண்டி ஒரு வருடம்தான், முடிந்துவிட்டது, திருத்துவதென்றால் காசு என்றான். நான் சட்டக் கரண்டியின் பெயரைச் சொன்னேன். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் படிவத்தை நிரப்பினான். மூன்று கிழமையில் டாப்லெற் வந்தது. நான் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பெயர் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். என் மாமி அதே பதிலைக் கேட்டிருந்தால் "சரி தம்பி" என்று சொல்லிக் காசைக் கட்டியிருப்பா.

இரண்டு வருடம் தாண்டினாலும் எல்லாம் முடிந்துவிடாது. பொருளுக்குள் ஒளிந்திருந்த பழுது, பிரெஞ்சில் 'வீஸ் கஷே', சிவில் சட்டத்தின் 1641ஆவது பிரிவில் வருகிறது. பழுதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கேட்கலாம். ஆனால் அங்கே நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நிபுணரின் அறிக்கை தேவைப்படலாம். 60 யூரோ சாமானுக்கு யாரும் அந்த வழியில் போவதில்லை.

ரப்பெல்: திகதியும் பில்லும் இரண்டாம் பட்சம்

ரப்பெலில் கேள்வியே வேறு. பொருள் வேலை செய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அது ஆளுக்கு ஆபத்தா என்பதுதான் கேள்வி.

ஒரே கொம்பனியின் இரண்டு பழுதுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். அப்பிள் கொம்பனியின் மக்புக்கில் ஒருகாலத்தில் மெல்லிய கீபோர்ட் ஒன்று வந்தது. எழுத்து இரண்டு தரம் விழும், அல்லது விழாது. 2018 ஜூனில் அப்பிள் அதற்கு ஒரு இலவசத் திருத்தத் திட்டம் அறிவித்தது. முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து நாலு வருடத்துக்குள் கொண்டுவந்தால் சும்மா திருத்தித் தரப்படும். இது நீட்டிய கரண்டி. நாலு வருடமும் ஒரு நாளும் என்றால் கிடையாது. கீபோர்ட் பிழைத்தால் கோபம் வரும், ஆனால் வீடு எரியாது.

அடுத்த வருடம், 2019 ஜூனில், அதே அப்பிள் இன்னொரு அறிவித்தல் விட்டது. 2015 செப்டம்பருக்கும் 2017 பெப்ரவரிக்கும் இடையில் பெரும்பாலும் விற்கப்பட்ட 15 அங்குல மக்புக் புரோவின் பற்றறி சூடாகித் தீப்பிடிக்கலாம். பாவிப்பதை நிறுத்துங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம். அமெரிக்காவில் மட்டும் 4,32,000 கணினிகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அன்று காலையிலும் ஒழுங்காக வேலை செய்தவை. கரண்டி முடிந்ததா என்பது அங்கே ஒரு கேள்வியே இல்லை. அது ரப்பெல்.

நான் மென்பொருள் எழுதுகிற ஆள். எங்கட வேலையிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. பட்டன் நிறம் மாறி வருகிறது என்றால் முறைப்பாடு செய்தவருக்குத் திருத்திக் கொடுப்போம். கடவுச்சொல் வெளியே கசிகிறது என்றால் முறைப்பாடு வரும்வரை காத்திருக்க முடியாது. ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பாவிக்கிற எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். கரண்டி முதலாவது மாதிரி, ரப்பெல் இரண்டாவது மாதிரி.

ரப்பெலின் பெரிய பாடமாக எல்லாரும் சொல்வது சம்சுங் கலக்சி நோட் 7 கதை. 2016 ஓகஸ்ட் 19இல் விற்பனைக்கு வந்தது. இரண்டு கிழமையில், செப்டம்பர் 2இல், 25 லட்சம் போன்களை மீள அழைப்பதாகக் கொம்பனி அறிவித்தது. மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்தன. ஒக்டோபரில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். பற்றறியைக் கொடுத்தவர்கள் இரண்டு பேர், இருவரின் பற்றறியிலும் வேறு வேறு பிழை என்று 2017 ஜனவரியில் சொன்னார்கள். இத்தனைக்குப் பிறகும் சிலர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு நல்லாத்தானே வேலை செய்யுது என்ற எண்ணம். ஐரோப்பாவில் இருந்த நோட் 7களுக்கு 60 வீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி அப்டேற் அனுப்ப வேண்டி வந்தது.

பிரான்சில் நடந்தது: ஐபோன் 12

எங்களில் பலர் வீட்டில் இருந்த ஒரு போனை வைத்தே பிரான்சில் ஒரு ரப்பெல் மயிரிழையில் தவிர்க்கப்பட்டது. 2023 செப்டம்பர் 12இல், அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அரச நிறுவனமான ஏ.என்.எஃப்.ஆர், ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொன்னது. போனைக் கையில் பிடித்திருக்கும்போதோ காற்சட்டைப் பைக்குள் இருக்கும்போதோ உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சுக்கு ஐரோப்பிய எல்லை கிலோவுக்கு 4 வாட். அவர்கள் அளந்தபோது 5.74 வந்தது.

அந்தப் போன் வெளிவந்தது 2020இல். முதலில் வாங்கியவர்களுக்கு இரண்டு வருடச் சட்டக் கரண்டி எப்போதோ முடிந்திருந்தது. கரண்டிக் கண்ணால் பார்த்தால் அவர்களுக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆனால் நிறுவனம் போட்ட நிபந்தனை ஏற்கனவே விற்ற போன்களுக்கும் சேர்த்துத்தான்: கெதியாகச் சரிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மீள அழைக்க வேண்டிவரும். அப்பிள் அந்த அளவீட்டு முறையை ஏற்கவில்லை. என்றாலும் பிரான்சில் உள்ள போன்களுக்கு அப்டேற் அனுப்ப ஒத்துக்கொண்டது. ரப்பெல் நடக்கவில்லை, அப்டேற் நடந்தது.

இதனால்தான் 'பிறகு பார்ப்போம்' என்று அப்டேற்றைத் தள்ளிவிடுகிற அம்மா அப்பாவின் போனை நான் எடுத்துப் பார்ப்பது. எல்லா அப்டேற்றும் புது இமோஜி கொண்டு வருவதல்ல. சிலது கடைக்குப் போகாமலே நடக்கிற திருத்த வேலை. மறுபக்கமும் உண்டு. பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேற் குறைக்கலாம் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லவில்லை என்று, பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்பு இயக்ககமான டி.ஜி.சி.சி.ஆர்.எஃப் 2020 பெப்ரவரியில் அப்பிளுக்கு 2.5 கோடி யூரோ தண்டம் அறிவித்தது. அப்டேற் திருத்தவும் செய்யும், ஒளிக்கவும் செய்யும். ஆபத்தைத் தடுக்கிற அப்டேற்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் எங்களிடம் வந்து சேருவதில்லை

2025 ஜூனில் அங்கர் கொம்பனி பவர்பாங்க் ஒன்றை மீள அழைத்தது. மொடல் இலக்கம் ஏ1263. அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல். விற்கப்பட்டது 2016இலிருந்து 2022 வரை. அதாவது கடைசியாக விற்று இரண்டரை வருடத்துக்குப் பிறகு. அந்த நேரத்தில் ஒரு பவர்பாங்க் எங்கட குடும்பத்தில் எத்தனை கை மாறியிருக்கும்? வாங்கினது மருமகன், பிறகு மாமாவின் பயணப் பைக்குள், பிறகு ஊரில் சித்தி வீட்டில்.

கொம்பனியிடம் இருப்பது முதலில் வாங்கியவரின் மின்னஞ்சல், அதுவும் இணையத்தில் வாங்கியிருந்தால். லா ஷப்பலில் ரூ கைலிலோ ரூ து ஃபோபூர் சென் தெனியிலோ கையில் காசு கொடுத்து, "பில் வேண்டாம் அண்ணை, ஐஞ்சு யூரோ குறைச்சுத் தாங்கோ" என்று வாங்கிய பொருளுக்கு யாரிடமும் ஒரு பெயரும் இல்லை. மகன் போனை மாற்றினால் பழைய போன் அம்மாவுக்கு, அம்மாவின் பழையது யாழ்ப்பாணத்துக்கு. இப்படிப் பகிர்ந்து வாழ்வது எங்கட நல்ல பழக்கம். ஆனால் ஒவ்வொரு கை மாறும்போதும் ஆபத்து அறிவித்தல் ஒரு படி தூரமாகிறது. பெயர் உள்ளவரைத் தேடித்தான் கொம்பனி கடிதம் போடும்.

என்ர மாமா போன வருடம் ஊருக்கு வெளிக்கிட்டபோது, அவருடைய பழைய பவர்பாங்கின் பின்பக்கத்தைப் போன் வெளிச்சத்தில் பிடித்து இலக்கத்தை வாசித்தேன். ரப்பெல் பட்டியலில் அந்த மொடல் இருந்தது.

"தம்பி, இது இண்டைக்கும் நல்லா வேலை செய்யுது. ஏன் எறியச் சொல்லுறீர்?" என்றார்.

"மாமா, வேலை செய்யுறதுதான் பிரச்சினை. வேலை செய்யாட்டி நீங்களே எறிஞ்சிருப்பீங்கள்."

அவர் சிரித்தார், ஆனால் கொடுத்துவிட்டார். பில் இல்லை. தொடர் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பினோம். காசு திரும்பி வந்தது. காசு பெரிசில்லை. அது ஊரில் சித்தி வீட்டில் இரவிரவாக, சின்னப் பிள்ளைகள் படுக்கிற அறையில் சார்ஜில் கிடந்திருக்கும். அங்கே அந்த ரப்பெலைப் பற்றி யார் சொல்லுவினம்?

2024 டிசம்பருக்குப் பிறகு மாறியது

ஐரோப்பாவின் புதிய பொதுப் பொருட் பாதுகாப்புச் சட்டம் 2024 டிசம்பர் 13இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெற்றோருக்குப் பயன்படக்கூடிய சில விசயங்கள் அதில் உள்ளன. ரப்பெல் என்றால் கொம்பனி திருத்தல், மாற்றல், காசு திருப்பல் என்ற மூன்றில் குறைந்தது இரண்டையாவது உங்கள் முன் வைத்துத் தெரிவு செய்ய விட வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர. செலவு உங்களுடையதல்ல. தூக்கிக்கொண்டு போக முடியாத பொருளை அவர்கள் வந்து எடுக்க வேண்டும். வாங்கியவர் யார் என்று கடைக்கோ இணையச் சந்தைக்கோ தெரிந்தால் நேரடியாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ரப்பெல் அறிவித்தலில் 'முன்னெச்சரிக்கையாக', 'சுயவிருப்பில்', 'அரிதான சந்தர்ப்பங்களில்' போன்ற, ஆபத்தைச் சின்னதாகக் காட்டும் சொற்களைப் பாவிக்கக் கூடாது. இனி அப்படி மழுப்பி எழுதிய கடிதம் வந்தால் அதை இரண்டு தரம் வாசியுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

ஒரு சனிக்கிழமை அரை மணித்தியாலம் போதும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன எழுத்தை வாசிக்க அவர்களுடைய கண்தான் நல்லது.

பற்றறி உள்ளவை, சூடாகுபவை எல்லாவற்றையும் எடுங்கள்: பவர்பாங்க், பழைய போன், சார்ஜர், மின் ஸ்கூட்டர், குழந்தைக் கண்காணிப்புக் கமரா, சோறு அவிக்கும் குக்கர். பின்பக்கம் உள்ள மொடல் இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் படமெடுத்துக் குடும்ப வட்சப்பில் போட்டு வையுங்கள்.

பிறகு 'ரப்பெல் கொன்சோ' என்ற அரச தளத்தில் தேடுங்கள். 2021 ஏப்ரலில் தொடங்கியது. மருந்தும் மருத்துவக் கருவிகளும் தவிர, பிரான்சில் நடக்கும் ரப்பெல்கள் அங்கே போடப்படும். இணையத்தில் வேறு நாட்டிலிருந்து எடுத்த பொருள் என்றால் ஐரோப்பிய ஆணையத்தின் 'சேஃப்டி கேற்' தளத்தையும் பாருங்கள்.

பட்டியலில் இருந்தால் பாவிப்பதை அன்றே நிறுத்துங்கள். ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம், பார்சலில் போட வேண்டாம். பற்றறிச் சாமானைக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. கொம்பனி சொல்லும் முறைப்படி, இல்லாவிட்டால் தேஷெத்ரியில் கேட்டுக் கொடுக்க வேண்டும். ரப்பெலில் இல்லாத நல்ல பவர்பாங்கும் விமானத்தில் சூட்கேசுக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான்.

ரப்பெல் இல்லை, ஆனால் பொருள் புகைகிறது, வீங்குகிறது, தொட முடியாமல் சூடாகிறது என்றால் கரண்டியில் மாற்றி வாங்கிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். 'சின்யால் கொன்சோ' தளத்தில் முறைப்பாடு போடுங்கள். ரப்பெல் ஒன்று தொடங்குவது இப்படியான முறைப்பாடுகள் சேரும்போதுதான். கரண்டியில் ஒவ்வொருவராக மாற்றி வாங்கிக்கொண்டு போனால், ஒரே பழுது ஆயிரம் வீட்டில் இருப்பது ஒருவருக்கும் தெரியாமலே போகும்.

தெரிந்த கடையில் பில் கேட்பது

கடைசியாக, பேசச் சங்கடமான ஒன்று. லா ஷப்பலில் கடை வைத்திருப்பவர்கள் எங்கட ஆக்கள். பில் கேட்டால் நம்பிக்கையில்லை என்று நினைப்பார்களோ என்று பலர் கேட்பதில்லை. ஆனால் பில் இல்லாமல் சட்டக் கரண்டியை நிலைநாட்டுவது கஷ்டம். 2023 ஓகஸ்டிலிருந்து பிரான்சில் சிறு ரிக்கற் தானாக அச்சிடப்படுவதில்லை என்றாலும், போன், கணினி, வீட்டு மின்சாதனம் போன்றவற்றுக்கு அந்த விதி பொருந்தாது. அவற்றின் பக்தூரில் சட்டக் கரண்டி எத்தனை வருடம் என்றும் எழுதியிருக்க வேண்டும்.

பில் கடைக்காரருக்கும் நல்லதுதான். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவர், தனக்கு விற்ற மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கேட்கலாம். சென்னையிலிருந்து வருகிற மிக்சிக்கும் இது பொருந்தும். இங்கே கடையில் வாங்கினால், இந்தியக் கரண்டி அட்டை என்ன சொன்னாலும், விற்றவர் இரண்டு வருடம் பொறுப்பு. அதே மிக்சியைத் தி.நகரில் வாங்கிச் சூட்கேசில் கொண்டு வந்தால் இங்கே யாரும் பொறுப்பில்லை. பெட்டியில் 'சிஇ' முத்திரையும், ஐரோப்பாவுக்குள் பொறுப்பான ஒருவரின் பெயரும் விலாசமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏதாவது நடந்தால் தேடிப் போகக்கூடிய விலாசம் அதுதான்.

கேட்கிற விதத்திலும் இருக்கிறது. "அண்ணை, பிறகு ரப்பெல் ஏதும் வந்தால் உங்களுக்கும் எனக்கும் வசதி, என்ர பெயரைப் போட்டு ஒரு பக்தூர் தாங்கோ" என்று சொன்னால் ஒருவரும் கோவிக்கப் போவதில்லை. அந்தத் துண்டில் உங்கள் பெயரும் பொருளின் மொடல் இலக்கமும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் படமெடுத்து வையுங்கள், கடை அச்சு ஒரு வருடத்தில் மங்கிவிடும். பொருளை யாருக்காவது கொடுக்கும்போது அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஊருக்கு அனுப்பினால் இன்னும் கட்டாயம்.